பட்டியிட்ட இரைப்பையும் பிடித்த உணவும்

வீட்டுக்கு வந்தவர் "போதும், போதும்" என்று இலையைக் கையால் மறைக்க, அந்தக் கையை மெல்ல விலக்கி மேலும் ஓர் அகப்பைச் சோறு இடுவதே அன்பு என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். மறுப்பவர் நாணத்தால் மறுக்கின்றார் என்றும், வற்புறுத்தாவிட்டால் அவர் மனம் நோகும் என்றும் நமது பெரியோர் நம்மைப் பழக்கிவிட்டனர். ஒருவர் "போதும்" என்றால் அச்சொல்லை அவ்வாறே ஏற்றுக்கொள்ளவேண்டும் என்னும் பாடம், பிறருக்குப் பாடஞ் சொல்லும் தொழிலிலே பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு, நாற்பது வயதைக் கடந்த பின்னரே கிடைத்தது. அப்பாடத்தைக் கற்பித்தவர் என் மூத்த சகோதரி. உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலே பட்டி பூட்டும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் அவர். அத்தகைய சிகிச்சைக்குப் பின்னர் ஒருவர் தமக்குப் பிடித்த உணவை உண்ண முடியுமா, முடியுமெனின் எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

என் அக்கா 1989ஆம் ஆண்டு முதல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலே வாழ்ந்து வருகின்றார். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னர் ஏறத் தொடங்கிய அவருடைய எடை, 2008ஆம் ஆண்டில் 104 கிலோகிராமை எட்டியது. அவ்வாண்டிலேயே நீரிழிவும் வந்து சேர்ந்தது. அவர் முயலாதவர் அல்லர். சோற்றைக் குறைத்தார், காலையிலும் மாலையிலும் நடந்தார், பத்துக் கிலோ குறைந்தது, அடுத்த ஆண்டு பன்னிரண்டு கிலோ கூடிற்று. நாவடக்கம் இல்லாதவர்களே பருத்துப்போகின்றார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். உண்மை அத்துணை எளிதன்று. எடை குறையும்போது உடல் அதனை ஒரு பஞ்சகாலம் போலக் கருதிப் பசியைத் தூண்டும் ஓமோன்களைக் கூட்டிவிடுகின்றது. இழந்த எடையை மீட்கவே உடல் போராடுகின்றது. அப்போராட்டத்திலே மனவுறுதி மாத்திரம் பலருக்குப் போதுவதில்லை.

அந்த 2008ஆம் ஆண்டிலேதான் மெல்பேர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். அண்மையில் நீரிழிவு கண்ட, பருமனான 60 பேரை அவர்கள் இரு கூறாக்கினர். 30 பேருக்கு வழக்கமான மருத்துவமும் உணவு அறிவுரையும் வழங்கப்பட்டன. மற்றை 30 பேருக்கு இவற்றோடு இரைப்பைப் பட்டியும் பூட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், பட்டி பூட்டியவர்களுள் 22 பேருக்கு நீரிழிவு அடங்கியிருந்தது. மற்றையோருள் 4 பேருக்கே அவ்வாறு அடங்கிற்று. இச்செய்தியை வைத்தியர் எடுத்துரைக்கக் கேட்ட என் அக்கா, 2009ஆம் ஆண்டில் அச்சிகிச்சைக்கு உடன்பட்டார்.

இப்பட்டி எத்தகையது என்பதைச் சிறிது விளக்குவது நன்று. அது சிலிக்கோன் என்னும் மென்பொருளால் ஆன ஒரு வளையம். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்திற்குச் சற்றுக் கீழே, அதனைப் பூட்டுவர். வளையத்தின் உட்புறத்திலே காற்றுப்பை போன்ற ஓர் உறை உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, வயிற்றுத் தோலின் கீழே புதைக்கப்பட்ட சிறு குமிழ் ஒன்றிலே முடியும். வைத்தியர் அக்குமிழில் ஊசியைச் செலுத்தி உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும். நீரை இறக்கினால் தளரும். இறுக்கித் தளர்த்தக்கூடிய இவ்வகைப் பட்டியை 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் லுபோமிர் குஸ்மாக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் பயன்படுத்தினார். வயிற்றைக் கீறாமல், சிறு துளைகளின் வழியாகவே அதனைப் பூட்டும் முறையை, எத்தியோப்பியாவிலே பிறந்து பெல்ஜியத்திலே பணியாற்றிய மிற்றிகு பெலச்சூ என்பார் 1993ஆம் ஆண்டில் செய்துகாட்டினார். அமெரிக்க அரசின் அனுமதி 2001ஆம் ஆண்டில் கிடைத்தது.

பட்டி இரைப்பையை வெட்டுவதில்லை. குடலின் வழியை மாற்றுவதுமில்லை. உண்ணும் கவளம் ஒவ்வொன்றும் வளையத்தின் இடுக்கைக் கடந்தே கீழே செல்லவேண்டும். உணவுக்குழாய் பலமுறை சுருங்கி அக்கவளத்தை மெல்ல மெல்லத் தள்ளுகின்றது. அப்போது அவ்விடத்திலுள்ள நரம்புகள் அழுத்தமுற்று, "வயிறு நிறைந்தது" என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. ஆகவே சிறிதளவு உணவிலேயே பசி அடங்குகின்றது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கவளம் சிறியதாக இருத்தல் வேண்டும். நன்றாக மெல்லப்பட்டிருத்தல் வேண்டும். முதற்கவளம் கடந்த பின்னரே அடுத்த கவளம் செல்லவேண்டும். இந்நிபந்தனையை மீறினால் என்ன நிகழும் என்பதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நான் கண்டேன்.

சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2011ஆம் ஆண்டிலே, அக்கா யாழ்ப்பாணம் வந்தார். நெடுநாட்களாக மகளைக் காணாதிருந்த எங்கள் அம்மா, விடியற்காலையிலேயே எழுந்து அரிசி மாவைக் குழைத்து, தேங்காய்ப்பூவும் சேர்த்து, நீற்றுப்பெட்டியிலே புட்டு அவித்தார். நண்டுக் கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் தயாராயின. இவை யாவும் சிறு வயதிலே அக்கா விரும்பி உண்டவை. அக்கா கைப்பிடியளவு புட்டை எடுத்துக்கொண்டு ஆறுதலாக உண்ணத் தொடங்கினார். நான்கு வாய் உண்டதும், "எனக்குப் போதும் அம்மா" என்றார்.

அம்மாவின் முகம் வாடிற்று. "என்ன பிள்ளை, என் கைப்பக்குவம் உனக்குப் பிடிக்காமற் போயிற்றோ?" என்றார். அக்கா விளக்கஞ் சொல்ல முயன்றார். நான் அதற்கு இடங்கொடுக்கவில்லை. "இத்தனை வருடங்களுக்குப் பிறகு வந்திருக்கிறாய் அக்கா. அம்மாவுக்காக இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று கூறி, அவருடைய கோப்பையிலே புட்டை அள்ளி வைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்த அக்கா ஒன்றும் பேசாமல் விரைவாக உண்டார். சில நிமிடங்கள் சென்றன. அவர் நெஞ்சைக் கையால் அழுத்தினார். வாயில் உமிழ்நீர் பெருகிற்று. எழுந்து கிணற்றடிக்கு ஓடினார். உண்டதை மீண்டும் மீண்டும் வெளியே தள்ளியபின் அவர் துவண்டுபோய்த் திண்ணையிலே அமர்ந்தார். அம்மா அழுதார். நான் செய்வதறியாது நின்றேன். ஓர் ஊருக்கே நல்வழி சொல்லும் ஆசிரியன், உடன்பிறந்தவரின் ஒரு சொல்லைக் கேட்கத் தவறினேன்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாடசாலை விடுமுறையில் நான் மெல்பேர்ன் சென்றிருந்தபோது, அக்காவுடன் அவருடைய சிகிச்சை நிலையத்திற்குப் போனேன். அங்கிருந்த போசணை நிபுணரிடம் எங்கள் புட்டின் கதையை வெட்கத்தோடு கூறினேன். அவ்வம்மையார் சிரித்துவிட்டு, எனக்கு மாணவனுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளங்கவைத்தார். அவர் கூறியவற்றின் சாரத்தையே இப்போது சொல்லப்போகின்றேன்.

சிகிச்சை முடிந்தவுடன் முதலிரு கிழமைகள் அளவில் நீராகாரம் மாத்திரமே தரப்படும். அதன் பின்னர் மசித்த உணவும், பின் மென்மையான உணவும், இறுதியிலே திண்ம உணவும் படிப்படியாக வரும். எப்படி எத்தனை நாள் என்பதை அவரவர் வைத்தியரே தீர்மானிப்பார். அப்படிகளைத் தாண்டியபின், பெரும்பாலான உணவுகளைச் சுவைக்கத் தடையில்லை. ஆயினும் பிடித்த உணவுகளை மூன்று வகையாகப் பிரித்து அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

முதலாவது வகை, இடுக்கிலே சிக்கும் உணவு. புதிய பாணின் நடுப்பகுதி, குழைந்த சோறு, மாவுருண்டைகள், உலர்ந்த கோழியிறைச்சி, நாரோடு கூடிய மரக்கறி, தோடம்பழத்தின் தோற்சுளை ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை வாயிலே பிரிந்தாலும் உள்ளே மீண்டும் ஒன்றுதிரண்டு நிற்கும். புட்டும் தேங்காய்ப்பூவும் அவ்வாறே திரண்டு என் அக்காவை வருத்தின. ஆனால் இவ்வகை உணவைக் கைவிட்டே ஆகவேண்டும் என்பதில்லை. பாணை மெல்லிதாக வெட்டி முறுக வாட்டினால் அது நொறுங்கி எளிதிற் செல்லும். கோழியை உலர்த்திப் பொரிக்காமல், குழம்பிலே மெதுவாக வேகவைத்துச் சிறு துண்டாக்கினால் துன்பம் குறையும். அக்கா இப்போது அப்பத்தின் முறுகிய ஓரத்தை ஆறுதலாக உண்கின்றார். நடுவிலுள்ள தடித்த பகுதியை என் அத்தானுக்குக் கொடுத்துவிடுகின்றார். ஒருவருக்குச் சிக்கும் உணவு வேறொருவருக்குச் சிக்காமலும் இருக்கலாம். ஆகையால் புதிய உணவு ஒன்றைச் சிறிதளவில், வீட்டில், அவசரமில்லாத வேளையிலே சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை.

இரண்டாவது வகை, ஒரு தடையுமின்றி வழுக்கிச் செல்லும் உணவு. ஐஸ்கிறீம், சொக்கலேற், ரின்பால், இனிப்பூட்டிய பானங்கள் ஆகியவற்றைப் பட்டி தடுத்து நிறுத்துவதில்லை. நேயர்களே, ஆபத்து மறைந்திருக்கும் இடம் இதுவே. சிக்கும் உணவு உடனே வலித்து எச்சரிக்கும். வழுக்கும் உணவு எச்சரிக்காது. 2011ஆம் ஆண்டுத் துன்பத்திற்குப் பின்னர் என் அக்கா திண்ம உணவைக் கண்டு அஞ்சினார். வலியில்லாமல் இறங்குகின்றது என்ற காரணத்தால் ஐஸ்கிறீமையும், தேநீரிலே தாராளமாக ஊற்றிய ரின்பாலையும் நாடினார். 78 கிலோவுக்கு இறங்கியிருந்த எடை, நான் சென்ற வேளையில் 89 கிலோவாக ஏறியிருந்தது. சிகிச்சையும் தோற்றுவிட்டது, தாமும் தோற்றுவிட்டோம் என்று அவர் கண்கலங்கினார். அவ்வச்சத்தின் விதையை எங்கள் வீட்டு மேசையிலே நட்டவன் நானே என்பதை அப்போது உணர்ந்தேன்.

அவ்விடத்திலே எவரும் அவரைக் கடிந்து பேசவில்லை. பட்டி அளவுக்கு மீறி இறுகியிருந்ததும் ஒரு காரணம் என்று வைத்தியர் கண்டறிந்து, சிறிதளவு நீரை இறக்கினார். இது பலரும் அறியாத ஓர் உண்மை. பட்டியை எவ்வளவு இறுக்குகின்றோமோ அவ்வளவு நன்மை என்று எண்ணுதல் தவறு. மிகுதியாக இறுகினால் நல்ல உணவு செல்லமாட்டாது. மென்மையான இனிப்பே செல்லும். அதனால் எடை கூடவுங் கூடும். வீணையின் நரம்பைப் போல இதற்கும் ஒரு பதம் உண்டு.

மூன்றாவது வகை, பட்டியோடு இணங்கி நடக்கும் உணவு. மீன், நண்டு, முட்டை, நன்கு வெந்த பருப்பு, தயிர், மென்மையாகச் சமைத்த மரக்கறி என்பன இவ்வகையின. உண்ணும் அளவு சிறிதாகையால், புரதம் நிறைந்தவற்றை முதலில் உண்டு, சோற்றையும் பாணையும் பின்னர் ஓரளவுக்கு உண்ணுமாறு அறிவுறுத்துவர். உணவோடு நீர் அருந்தாமல், சற்று இடைவெளி விட்டு அருந்துமாறு பல சிகிச்சை நிலையங்கள் கூறுகின்றன. சிறு கவளம், நிதானமான மெல்லுதல், கவளங்களுக்கிடையே ஏறக்குறைய ஒரு நிமிட ஓய்வு, இருபது முப்பது நிமிடங்களில் உணவை நிறுத்துதல் என்பனவே அக்காவுக்குச் சொல்லப்பட்ட விதிகள். உணவு குறைவதால் விற்றமின்கள் குறையாதிருக்க மாத்திரைகளும் உட்கொள்ளவேண்டும். வள்ளுவர் உணவின் அளவைப் பற்றிய தமது அறிவுரைகளை "மருந்து" என்னும் அதிகாரத்திலே வைத்திருக்கின்றார். அந்த வைப்புமுறையின் பொருத்தம் எனக்கு மெல்பேர்னிலே நன்கு விளங்கிற்று.

பிடித்த உணவு என்றால் என்ன? மிகுதியாக உண்ட உணவா, அன்றி மகிழ்ச்சியோடு உண்ட உணவா? நாம் ஒரு பலகாரத்தின் முதல் இரண்டு வாயிலே அடையும் சுவை, பத்தாவது வாயிலே இருப்பதில்லை. பத்தாவது வாயை நாம் பழக்கத்தால் உண்கின்றோம். பட்டி அக்காவுக்கு விட்டுவைத்தது அந்த முதற்சில வாய்களையே. அவற்றை அவசரமின்றி, வேறு வேலையிலே கண்ணை வைக்காமல் உண்ணப் பழகியபோது, தாம் எதையும் இழந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. வருடப்பிறப்பன்று ஒரு துண்டுப் பயற்றம் பணியாரத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியைக் கால் மணி நேரம் உண்டதாகத் தொலைபேசியிலே சொல்லிச் சிரித்தார்.

இவ்விடத்திலே ஓர் உண்மையை மறையாமற் கூறவேண்டும். இரைப்பைப் பட்டியை இன்று முன்போலப் பலரும் நாடுவதில்லை. அமெரிக்காவிலே 2011ஆம் ஆண்டில் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைகளுள் மூன்றில் ஒரு பங்களவு பட்டி பூட்டுதலாக இருந்தது. 2019ஆம் ஆண்டளவில் அது நூற்றுக்கு ஒன்றளவாகக் குறைந்துவிட்டது. பட்டி இடம்பெயர்தல், இரைப்பைச் சுவரை அரித்தல், பட்டிக்கு மேலுள்ள பகுதி விரிதல் முதலிய சிக்கல்களால் பலருக்கு மறு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. பலர் பட்டியை அகற்றிக்கொண்டனர். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய்போல ஆக்கும் சிகிச்சையே இன்று மிகுதியாகச் செய்யப்படுகின்றது. என் அக்காவின் பட்டி இன்றும் உள்ளது. ஆண்டுதோறும் அதனைச் சோதித்துக்கொள்கின்றார். எடை 80 கிலோவை அண்டி நிற்கின்றது. எந்தச் சிகிச்சை எவருக்கு ஏற்றது என்பதைத் தகுந்த வைத்தியரே கூறவேண்டும். அதற்கு நான் தகுதியுடையவன் அல்லேன். ஆனால் எவ்வகைச் சிகிச்சை செய்துகொண்டவராயினும், சிறிதளவை ஆறுதலாக உண்ணவேண்டியவர் என்பதிலே வேறுபாடில்லை.

இப்போது வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் உறவினருள் இத்தகையோர் சிலர் இருக்கக்கூடும். சிலர் அதனை வெளியே சொல்லக் கூசுவர். அவர்களை வரவேற்கும் வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள். சிறிய கோப்பையிலே பரிமாறுங்கள். வேண்டுமானால் அவர்களே கேட்பார்கள். "ஏன் சாப்பிடவில்லை?" என்று பலர் முன்னிலையிற் கேளாதீர்கள். உணவின் நடுவே தண்ணீரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தண்ணீர்கூட இறங்காதபடி வாந்தி தொடர்ந்தால், கைமருந்து தேடாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரைப்பையிலே பட்டி இருக்கின்றது என்பதை அங்கு முதலிலேயே தெரிவியுங்கள். பட்டியின் நீரை உரிய வேளையில் இறக்குவதே பெருந்துன்பத்தைத் தடுக்கும்.

அக்கா 2015ஆம் ஆண்டில் மீண்டும் ஊருக்கு வந்தார். அன்று அம்மா புட்டு அவிக்கவில்லை. நண்டை மாத்திரம் சமைத்து, தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் சிறு தட்டிலே ஒரு காலையும் சிறிது குழம்பையும் வைத்து, மகளின் முன் கொண்டுவந்து கொடுத்தார். நண்டின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். ஓட்டை உடைத்து, சதையைச் சிறிது சிறிதாக எடுத்தே உண்ணவேண்டும். விரைவாக உண்ண நினைத்தாலும் இயலாது. அக்கா ஒரு துணுக்கை எடுப்பார், மெல்லுவார், அம்மாவோடு பழங்கதை ஒன்று பேசுவார், பின்னர் அடுத்த துணுக்கை எடுப்பார். அந்த ஒரு நண்டுக்கால் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. "போதும் அம்மா" என்றார் அக்கா. "சரி பிள்ளை" என்று கூறி அம்மா தட்டை எடுத்துக்கொண்டார். அம்மாவின் முகத்திலே வாட்டம் இல்லை.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் அம்மா காலமானார். அக்கா அம்மாவின் கையால் உண்ட கடைசி விடுமுறை அதுவாயிற்று. மிகக் குறைவாக உண்ட விடுமுறையும் அதுவே. ஆயினும் அம்மாவும் மகளும் ஒரு மேசையிலே மிக நீண்ட நேரம் ஒன்றாக அமர்ந்திருந்ததும் அவ்விடுமுறையிலேதான். அன்பைக் காட்டுவதற்கு நமக்கு அகப்பை ஒன்றே கருவி என்று எண்ணியிருந்த எனக்கு, உண்பவரின் அருகே ஆறுதலாக அமர்ந்திருப்பதும் விருந்தோம்பலே என்பதை அம்மா அன்று காட்டினார். உங்கள் வீட்டு மேசையிலும் யாராவது "போதும்" என்று சொன்னால், அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரருகே சற்று அமர்ந்திருங்கள் எனக் கேட்டு விடைபெறுகின்றேன்.